வண்டி பிரிக்கும் இடத்தில் வாங்கிய கார் ரேடியோ வேலை செய்யவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவரிடம் ஒரு ரேடியோ வாங்கி, மாட்டி, சாவியைத் திருப்பியும் பாட்டு வரவில்லை என்றால், "செத்துப்போன பீஸைத் தலையில் கட்டிவிட்டார்" என்றுதான் முதலில் தோன்றும். அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம். வண்டியோடு கம்பெனியே பொருத்தி அனுப்பும் ரேடியோக்கள் வெயிலையும் குலுக்கலையும் பல ஆண்டு தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. பெரும்பாலும் ரேடியோவும் நன்றாக இருக்கும், வண்டியும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டையில் அளவாக உட்கார்ந்தது, பின்னால் கப்ளரும் (வயர்க் கட்டின் செருகி) ஏறியது, ஆகவே பொருந்திவிட்டது என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. டின் என்பது ரேடியோப் பெட்டிகளின் பொது அளவு முறை. ஒற்றை டின் முகப்பு 180க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை டின் 180க்கு 100. டொயோட்டா வண்டிகளில் 200 மில்லிமீட்டர் அகலம் உள்ளதும் உண்டு. இந்த அளவுகளை வைத்துப் பெட்டி நுழையுமா என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று, சாவி வயரில் 12 வோல்ட் வந்ததும் எழுந்துகொள்ளும். இன்னொன்று, வண்டியின் கணினி கேன் பஸ் என்ற தகவல் கம்பி வழியாகச் செய்தி அனுப்பினால்தான் எழும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து நிற்போம்: இந்த ரேடியோ எந்த மாடல் வண்டியில், எந்த ஆண்டு வண்டியில், எந்த ஆடியோ அமைப்போடு இருந்தது?

தொடங்கும் முன்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு வயர் இழுத்த ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்பு, உங்கள் பழைய ரேடியோவின் லேபிள் படம், வாங்கிய ரேடியோவின் லேபிள் படம். இவ்வளவு போதும்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றுவதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் ரேடியோவின் பாதுகாப்பு கோட் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனதும் கோட் கேட்கும் ரேடியோவாக இருந்தால், புதியது சரிவராதபோது பழையதையும் திரும்ப ஓட்ட முடியாமல் போய்விடும். இன்னொன்று: சில வண்டிகளில் ரேடியோவைச் சுற்றியுள்ள பேனலிலேயே பயணி பக்க ஏர்பேக் விளக்கும் இருக்கும். அதன் கப்ளர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு பேசும் மெக்கானிக் கருவி) வைத்து அழிக்கும் வரை அணையாது.

உயிரே இல்லை: டிஸ்ப்ளே எரியவில்லை, எந்தப் பட்டனுக்கும் அசைவில்லை

ரேடியோவை விட்டுவிட்டு வண்டிப் பக்கக் கப்ளரை முதலில் சோதியுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை டேஷ்போர்டுக்கு உள்ளே பெயின்ட் படாத ஏதாவது ஒரு இரும்பு போல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையால் கப்ளரின் ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பாருங்கள்.

ஐஎஸ்ஓ 10487 வகைக் கப்ளர் என்றால் வேலை சுலபம். எட்டு எட்டு முனைகளாக இரண்டு கட்டைகள் இருக்கும். ஏ கட்டையில் கரண்ட், பி கட்டையில் ஸ்பீக்கர். ஏ4ல் எப்போதும் 12 வோல்ட் நிற்க வேண்டும். ஏ7ல் சாவியைத் திருப்பினால் 12 வோல்ட் வர வேண்டும். ஏ8 எர்த். ஏ6ல் வண்டியின் லைட்டைப் போட்டால் வோல்ட் வரும். ஏ5 மட்டும் எதிர்த்திசை. ஆன்டெனாவுக்கோ ஆம்ப்ளிஃபையருக்கோ ரேடியோ வெளியே கொடுக்கும் 12 வோல்ட் அது. வயர் நிறத்தை நம்பி எதையும் இணைக்காதீர்கள். மஞ்சள் நிரந்தரக் கரண்ட், சிவப்பு சாவிக் கரண்ட், கறுப்பு எர்த் என்பது வெளிச் சந்தையில் விற்கும் ரேடியோக்களின் வழக்கம். வண்டிக் கம்பெனி அவரவர் விருப்பத்துக்கு நிறம் போட்டிருக்கும்.

ஏ4ல் வோல்ட்டே இல்லையா? வண்டியின் ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள். ஏ4ல் வோல்ட் இருந்தும் ரேடியோ எழவில்லை என்றால் ரேடியோவின் முதுகில் தகடு ஃபியூஸ் இருக்கிறதா, அது நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் என்றால் 15. வண்டி பிரிக்கும் இடத்தில் டேஷ்போர்டை அவசரமாக உடைக்கும்போது வயர் எங்காவது உரசி இந்த ஃபியூஸ் போயிருக்கலாம். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் போடுங்கள். அதுவும் உடனே போனால் ரேடியோவின் உள்ளே ஷார்ட் இருக்கிறது. மேலே முயல வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீட்டர் 12.4 வோல்ட் என்று அழகாகக் காட்டியும் ரேடியோ எழவில்லை என்றால் பல்பை எடுங்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகச் சொற்பம். பச்சை பூத்துப்போன இணைப்பில் ஒரு மயிரிழைத் தொடர்பு இருந்தாலே அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஏ4க்கும் ஏ8க்கும் நடுவே அதை வைத்ததும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் அந்த இரண்டு வயரும் நல்லவை. மங்கினாலோ, எரியாமலே போனாலோ, பல்பு எரியும் நிலையிலேயே மீட்டரால் பாருங்கள். ஏ8க்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் கோளாறு ஏ4 வழியில். பழைய வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தைத்தான்.

ஏ4ல் 12 வோல்ட் உண்டு, எர்த் உண்டு, ஆனால் சாவியை எப்படித் திருப்பினாலும் எந்த முனையிலும் புதிதாக 12 வோல்ட் வரவில்லை. இது கோளாறு அல்ல, வண்டியின் அமைப்பே அப்படி. 2000களின் நடுவிலிருந்து வந்த பல வண்டிகளில் சாவி வயர் ரேடியோவுக்குப் போவதே இல்லை. கப்ளரும் பெரும்பாலும் குவாட்லாக் எனப்படும் 40 முனைக் கட்டையாக, ஒரு நெம்புகோலோடு இருக்கும். முறுக்கிவிட்ட இரண்டு மெல்லிய வயர்கள் தெரிந்தால் அவைதான் கேன். பழைய தலைமுறை ரேடியோவை இந்த வண்டியில் மாட்டினால் அது சாவிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். இதற்கு இரண்டு வழி. கேன் செய்தியைப் படித்து 12 வோல்ட்டாக மாற்றித் தரும் அடாப்டர் வாங்கலாம். ஸ்டீயரிங் பட்டனும் வேண்டும் என்றால் அதுதான் நல்லது. இல்லையென்றால் சாவியோடு உயிர் பெறும் ஒரு ஃபியூஸிலிருந்து, தனி ஃபியூஸ் போட்டு, ஒரு வயர் இழுக்கலாம். கேன் வயர்களில் கத்தி வைத்து எதையும் ஒட்டாதீர்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டு மீட்டரும் ஏசியும் பேசிக்கொள்வது அந்த இரண்டு வயரில்தான்.

லாரியிலோ பேருந்திலோ இருந்து கழற்றிய ரேடியோவா என்பதையும் லேபிளில் பாருங்கள். 24 வோல்ட் ரேடியோ காரில் எழாது. காரின் 12 வோல்ட் ரேடியோவை 24 வோல்ட் வண்டியில் செருகினால் அதோடு கதை முடிந்தது.

ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், வோல்வோ வண்டிகள் பலவற்றில் ஆடியோப் பாகங்கள் மோஸ்ட் என்ற ஒளி இழையால் வளையமாகக் கோர்க்கப்பட்டிருக்கும். ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையர், அதிலிருந்து சிடி மாற்றி, அதிலிருந்து மறுபடி ரேடியோ என்று வெளிச்சம் சுற்றி வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மொத்தமும் நின்றுவிடும். டிஸ்ப்ளே லோகோவோடு நின்றாலோ, விட்டு விட்டு அணைந்து எரிந்தாலோ, இழைக் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். ஒரு இழையின் நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். இருட்டாக இருந்தால் முந்தைய பாகத்திலோ அதிலிருந்து வரும் இழையிலோ கோளாறு. வளையத்திலிருந்து ஒரு பாகத்தை விலக்க வேண்டுமானால் அந்த இடத்தில் லூப் கப்ளர் போட்டு மூட வேண்டும். இழையைக் கூர்மையாக மடக்கினால் உள்ளே முறிந்துவிடும், கவனம்.

சாவியை எடுத்ததும் ஸ்டேஷன், கடிகாரம், ஒலி அமைப்பு எல்லாம் மறந்துபோகிறது

இது மிகவும் சுலபமானது. நிரந்தரக் கரண்டும் சாவிக் கரண்டும் இடம் மாறியிருக்கின்றன. ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகள் பலவற்றிலும் வேறு சில கம்பெனிகளிலும் ஏ4, ஏ7 இரண்டும் மாற்றிப் போடப்பட்டிருக்கும். அடாப்டர் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள் வயர்களின் நடுவே கழற்றி மாட்டும் சின்ன இணைப்பு இருப்பதே இதற்காகத்தான். அந்த இரண்டையும் குறுக்காக மாற்றிச் செருகினால் போதும். வயரை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

ரேடியோ மாற்றிய இரண்டு மூன்று நாளில் பேட்டரி இறங்கினால் தற்செயல் என்று விட்டுவிடாதீர்கள். புதிய தலைமுறைக் கேன் ரேடியோவைப் பழைய வண்டியில் மாட்டியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ரேடியோ தூங்க வேண்டுமானால் வண்டியிடமிருந்து 'தூங்கு' என்ற செய்தி வர வேண்டும். பழைய வண்டியின் கேட்வே (வண்டியின் கணினிகளுக்கு நடுவே செய்தி கடத்தும் பெட்டி) அந்தச் செய்தியை அனுப்பத் தெரியாதது. ஃபோக்ஸ்வேகனின் ஆர்சிடி 310, ஆர்சிடி 510 ரேடியோக்களைப் பழைய கேட்வே உள்ள வண்டியில் போட்டவர்கள் கேட்வேயையும் சேர்த்து மாற்றியது இந்தக் காரணத்தால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விழித்திருக்கும் ரேடியோ 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி போகிறது. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்று நாளில் கிட்டத்தட்டப் பாதி காலி.

சந்தேகத்தைத் தீர்க்க வண்டியை அணைத்து, பூட்டி, அரை மணி நேரம் விடுங்கள். எல்லாக் கணினியும் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். பிறகு ரேடியோ ஃபியூஸின் மேல்முனையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மில்லிவோல்ட் வரிசையில் மீட்டரை வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ரேடியோ தூங்குகிறது. ஒரு மில்லிவோல்ட்டையோ அதற்கு மேலோ தொடர்ந்து காட்டினால் விழித்திருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்கி இடையில் மீட்டரை வைக்கும் முறையும் உண்டு. ஆனால் பிடுங்கிச் செருகும்போதே சில கணினிகள் விழித்துக்கொண்டு உங்களைக் குழப்பிவிடும். மொத்த வண்டியும் தூங்கிய பிறகு இழுப்பது 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது நல்லது.

கேட்வே மாற்றுவது பெரிய வேலை என்று தோன்றினால், ரேடியோவின் நிரந்தரக் கரண்ட் வயரில் சாவியோடு இயங்கும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டு நிறுத்திவிடலாம். நினைவு அழியும், சில ரேடியோக்கள் ஒவ்வொரு முறையும் கோட் கேட்கும். நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய ரேடியோவுக்கு மாற்றிக்கொள்வதே நிம்மதி.

கோட் கேட்கிறது, சேஃப் என்றோ லாக் என்றோ காட்டுகிறது

முதல் விதி: ஊகித்து அழுத்தாதீர்கள். ஃபோக்ஸ்வேகன் ரேடியோக்களில் இரண்டு முறை தவறினால் சுமார் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும்; அந்த நேரம் முழுக்க ரேடியோவுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தால்தான் பூட்டு விலகும். மற்ற கம்பெனிகளில் தவறு கூடக் கூடக் காத்திருப்பும் கூடும். சிலவற்றில் நிரந்தரமாகவே பூட்டிக்கொள்ளும்.

கோட் ரேடியோவின் வரிசை எண்ணோடு கட்டுண்டது. அந்த எண் லேபிளில் இருக்கும், சிலவற்றில் டிஸ்ப்ளேயிலேயே வரவழைக்கலாம். ஹோண்டா ரேடியோக்கள் பலவற்றில் 1, 6 பட்டன்களை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் வரிசை எண் தெரியும். ஃபோர்டு ரேடியோக்கள் சிலவற்றில் அதே இரண்டு பட்டன்களைப் பிடித்தால் எம் அல்லது வி எழுத்தில் தொடங்கும் எண் ஓடும். ரெனோவில் லேபிளில் ஒரு எழுத்தும் மூன்று எண்களும் சேர்ந்த முன்கோட் இருக்கும். இந்த எண்ணோடு வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் மையத்துக்குப் போனால் கோட் கிடைக்க வாய்ப்பு உண்டு. ரேடியோ உங்களுடையது என்பதற்கு ரசீது கேட்பார்கள்; அது நியாயமான கேள்வி. விற்பவரிடம் எழுத்து மூலம் ரசீதும், கழற்றிய வண்டியின் சேசிஸ் எண்ணும் வாங்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அவற்றைத் தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். திருட்டு ரேடியோவைத் தடுக்கத்தானே இந்தக் கோட் வந்ததே.

நான்கு இலக்கக் கோட் இப்படித் தீர்ந்துவிடும். சேசிஸ் எண் பூட்டு அப்படியல்ல. பெஜோ, சிட்ரோயன் வண்டிகளின் ஆர்டி4 ரேடியோ தான் பிறந்த வண்டியின் சேசிஸ் எண்ணை நினைவில் வைத்திருக்கும். வேறு வண்டியில் மாட்டினால் கொஞ்ச நேரம் பாடிவிட்டு நின்றுவிடும். சில ஓப்பல் ரேடியோக்களைப் பழைய வண்டியிலிருந்து முறைப்படி விடுவித்துப் புதிய வண்டியோடு ஸ்கேனரால் சேர்க்க வேண்டும். ஆடியில் பாகப் பாதுகாப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒலியை முடக்கிவிட்டு அந்தச் செய்தியைத் திரையில் காட்டும், கம்பெனியின் சர்வரோடு இணைந்துதான் நீக்க முடியும். இந்த வகையில் சிக்கியவர்களுக்கு நான் சொல்வது: சர்வீஸ் மையத்தில் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். பழைய பாகத்துக்குச் செய்ய மாட்டோம் என்று சொன்னால், பணத்தை மேலும் கரைக்காமல் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் ரேடியோவைத் திருப்பிவிடுங்கள்.

ரேடியோ ஓடுகிறது, ஸ்டேஷன் பெயரும் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை

அதிகம் ஏமாற்றும் அறிகுறி இது. முதலில் வண்டியில் தனி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பீக்கர் வலையிலோ கதவிலோ போஸ், ஹார்மன் போன்ற பெயர் இருந்தால் பெரும்பாலும் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியின் ரேடியோ ஸ்பீக்கரை நேரடியாக ஓட்டாது; பலவீனமான சிக்னலையோ ஒளி இழைத் தகவலையோ ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். அதைச் சாதாரண வண்டியில் மாட்டினால் காதை ஸ்பீக்கரில் வைத்தாலும் கேட்காத அளவுக்குத்தான் சத்தம் வரும், அல்லது வரவே வராது. மறுபக்கம், சாதாரண ரேடியோவை ஆம்ப்ளிஃபையர் உள்ள வண்டியில் மாட்டினால், அந்த ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் 12 வோல்ட் வராததால் அமைதி. ஏ5லிருந்து வோல்ட் வருகிறதா, அது ஆம்ப்ளிஃபையரின் எழுப்பும் வயரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைத்ததும் சத்தம் வந்து, ஆனால் குறைந்த ஒலியிலேயே கிழிந்தது போல் கேட்டால், ரேடியோவின் ஸ்பீக்கர் வெளியீடு ஆம்ப்ளிஃபையரின் சிறு சிக்னல் உள்ளீட்டுக்குப் போகிறது. நடுவில் அளவைக் குறைக்கும் கன்வெர்ட்டர் தேவை.

தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத வண்டி என்றால் மீட்டர் வேலை. ரேடியோவை ஆன் செய்து, ஒலியை முழுவதும் குறைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் எர்த்தோடு அளங்கள். கார் ரேடியோவின் வெளியீடு பாலம் போல அமைந்தது; இரண்டு வயருமே பேட்டரியில் பாதி, சுமார் 6 வோல்ட்டில் நிற்கும். எட்டு வயரும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டினால் வெளியீட்டு ஐசி (ஸ்பீக்கரை ஓட்டும் சிப்) உயிரோடு இருக்கிறது. ஒரு ஜோடியில் ஒரு வயர் 6, மற்றது 0 அல்லது 12 என்றால் அந்தச் சேனல் போய்விட்டது. எல்லாமே 0 என்றால் ஐசி எழவே இல்லை. எல்லாம் 6ல் நின்றும் சத்தம் இல்லை என்றால் ஐசி ஊமையாக்கப்பட்டிருக்கலாம். ஏ2 முனையில் உள்ள தொலைபேசி மியூட் வயர் எர்த்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். அந்த வயரைப் பிரித்துவிட்டாலே சில நேரம் பாட்டு வந்துவிடும்.

ஸ்பீக்கர் பக்கத்தையும் விடாதீர்கள். கப்ளரைக் கழற்றி ஜோடி ஜோடியாக ஓம் அளங்கள். பி1, பி2 வலது பின். பி3, பி4 வலது முன். பி5, பி6 இடது முன். பி7, பி8 இடது பின். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். முடிவில்லா எதிர்ப்பு என்றால் வயரோ சுருளோ அறுந்தது. கதவு திறந்து மூடும் மடிப்பில் அறுந்திருப்பதுதான் அதிகம். ஓம் சரி, ஆனால் அந்த வயருக்கும் வண்டியின் இரும்புக்கும் தொடர்பு இருக்கிறதா? அப்படியானால் அது எர்த்தில் இடிக்கிறது, ஐசி தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தத்தை நிறுத்திவிடுகிறது. மிகப் பழைய வண்டிகளில் எல்லா ஸ்பீக்கரின் மைனஸையும் பொதுவாக எர்த்தில் சேர்த்திருப்பார்கள். அந்த வயரிங்கில் இன்றைய ரேடியோவை மாட்டவே கூடாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரண்டு வயர் இழுங்கள்.

எஃப்எம் இரைச்சல், பக்கத்து ஸ்டேஷன்கூடப் பிடிக்கவில்லை

ஆன்டெனா அடியில் உள்ள சின்ன பூஸ்டருக்கு 12 வோல்ட் தேவை. பல ஐரோப்பிய வண்டிகளில் அந்த வோல்ட் ஆன்டெனாக் கேபிளின் நடுக் கம்பி வழியாகவே ரேடியோவிலிருந்து போகும். அந்த வசதி இல்லாத ரேடியோவை மாட்டினால் பூஸ்டர் உறங்கிவிடும், ஊருக்குள் இருந்துகொண்டே காட்டில் இருப்பது போல் எஃப்எம் கரகரக்கும். இதற்கென்று வோல்ட்டைச் செருகும் அடாப்டர் உண்டு; அதன் வயரை ஏ5ல் இணைக்க வேண்டும். ஆன்டெனா முனையும் மாறுபடும். பழைய வட்ட முனை ஒரு வகை, ஐஎஸ்ஓ முனை இன்னொன்று, சதுர பிளாஸ்டிக் வாயுள்ள ஃபக்ரா மற்றொன்று. ஃபக்ராவில் இரண்டு ஆன்டெனா உள்ள வண்டியில் ஒற்றை வாய் ரேடியோ போட்டால் இரண்டையும் சேர்க்கும் அடாப்டர் வேண்டும். ஒன்றை மட்டும் செருகி விட்டுவிட்டால் வரவேற்பு அரைகுறைதான்.

இரைச்சல் இல்லை, ஆனால் பாதி ஸ்டேஷன்கள் டயலிலேயே இல்லை என்றால், ரேடியோ வேறு நாட்டுக்குச் செய்தது. ஜப்பானிய உள்நாட்டு ரேடியோ 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90லேயே நின்றுவிடும், பிந்தியவை 95 வரை போகும்; மற்ற பெரும்பாலான நாடுகளில் 87.5 முதல் 108 வரை. அலைவரிசையை நகர்த்தும் பெட்டி ஒன்று விற்கிறார்கள். அது ஒரு பகுதியைத்தான் காட்டும், ஒலியும் சுமார். அமெரிக்க ரேடியோ 0.2 மெகாஹெர்ட்ஸ் படிகளில், 87.9, 88.1 என்று ஒற்றைப் படைத் தசமங்களில் மட்டும் நிற்கும். 91.0ல் ஒலிக்கும் ஸ்டேஷனை அதனால் நேராகப் பிடிக்க முடியாது. ஏஎம் படியும் அங்கே 10 கிலோஹெர்ட்ஸ், பல நாடுகளில் 9. சில ரேடியோக்களில் பிராந்திய அமைப்பு மெனுவில் ஒளிந்திருக்கும். அதை மாற்றினால் படிகள் சரியாகிவிடும். மாற்றிய பிறகும் உச்ச ஒலிகள் கொஞ்சம் அமுங்கிக் கேட்டால், அது அமெரிக்காவில் ஒலி திருத்தும் அளவு 75 மைக்ரோ விநாடி, மற்ற பல நாடுகளில் 50 என்பதால். ட்ரெபிளைக் கூட்டிச் சமாளிக்கலாம்.

ஸ்டீயரிங் பட்டன், வெளிச்சம், சிடி

ஸ்டீயரிங் பட்டன்கள் சில வண்டிகளில் வெறும் ரெசிஸ்டர் வரிசை. ஒவ்வொரு பட்டனுக்கும் வெவ்வேறு ஓம் அளவு. மீட்டரில் மாறுவது தெரிந்தால் கற்பிக்கும் அடாப்டர் போதும். மாறாவிட்டால் பட்டன்கள் கேன் அல்லது லின் என்ற தகவல் கம்பி வழியாகப் பேசுகின்றன. அந்த வண்டிக்கென்று செய்த அடாப்டர்தான் வேண்டும்.

இரவில் பட்டன்கள் எரியவில்லை என்றால் ஏ6ல் வோல்ட் இல்லை, அல்லது மங்கலாக்கும் தகவல் கேனில் வர வேண்டிய ரேடியோ. ஒலிக் குமிழைத் திருப்பினால் முன்னும் பின்னும் தாவினால் உள்ளே அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டுப் பல முறை சுழற்றினால் பெரும்பாலும் சரியாகும். சிடி சுழன்று படிக்காமல் வெளியே வந்தால் லென்ஸில் அழுக்கு இருக்கலாம், அல்லது லேசர் பலவீனமாகியிருக்கலாம். அதற்காக ரேடியோவை மாற்ற வேண்டுமா என்பது நீங்கள் சிடி கேட்பீர்களா என்பதைப் பொறுத்தது. ப்ளூடூத் அழைப்பில் எதிர்முனைக்கு உங்கள் குரல் கேட்கவில்லை என்றால் மைக் இல்லாத வண்டி. கூரை விளக்குப் பக்கம் மைக் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தனியாகப் போட வேண்டும்.

ரேடியோ நன்றாக ஓடுகிறது, ஆனால் மெக்கானிக்கின் ஸ்கேனர் வண்டியோடு பேச மறுக்கிறது

ரேடியோவை யாரும் சந்தேகிக்காத இடம் இது. பழைய ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் ஏ கட்டையின் முதல் மூன்று முனைகளில் ஒன்றில் கே லைன் என்ற பரிசோதனைக் கம்பி வரும். வேறு ரேடியோவில் அதே முனை வேறு வேலைக்கு இருந்தால் அந்தக் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். கப்ளரைக் கழற்றியதும் ஸ்கேனர் பேசினால் காரணம் உறுதி. அந்த ஒரு வயரைக் கப்ளரிலிருந்து விடுவித்து, இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள்.

திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தேடும்போது

விற்பவரிடம் "என் காருக்குச் சேருமா?" என்று கேட்காதீர்கள். "சேரும்" என்றுதான் சொல்வார். பெட்டி ஓட்டையில் சேரும் என்பதைத்தான் அவர் சொல்கிறார், அதில் பொய் இல்லை. எந்த வண்டி, எந்த ஆண்டு, தனி ஆம்ப்ளிஃபையர் இருந்ததா, கோட் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி இன்னும் பிரிக்கப்படாமல் நின்றால் நேரில் போங்கள். டேஷ்போர்டுக்குள் நீர் நின்ற கோடு, கப்ளர் முனைகளில் வெள்ளைப் பொடி, பச்சைப் பூப்பு தெரிந்தால் அந்த வண்டியிலிருந்து எந்த மின் பாகமும் வேண்டாம்.

லேபிள் படத்தில் பாக எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் 1கே0 035 186 என்றால் 1கே என்பது வண்டிக் குடும்பம், 035 ஆடியோ, கடைசியில் வரும் ஓர் எழுத்தோ இரண்டோ திருத்தப் பதிப்பு. அந்தக் கடைசி எழுத்து மாறினாலே உள்ளே கேன் மென்பொருள் மாறியிருக்கக்கூடும். எல்லா இலக்கமும் எழுத்தும் ஒன்றாக இருக்கும் ரேடியோ கிடைத்தால், கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் அதையே எடுங்கள்.

வயரை வெட்டி ரேடியோவை மட்டும் தருவார்கள். வண்டிப் பக்கக் கப்ளரையும் ஒரு சாண் வயரோடு கேட்டு வாங்குங்கள். கப்ளர் மாறுபட்டால் அடாப்டர் செய்ய அது பொக்கிஷம். ரேடியோவைக் கழற்றச் சைடில் குத்தி இழுக்கும் சாவிகளையும், ரேடியோவைச் சுற்றியிருந்த இரும்புக் கூட்டையும் சேர்த்து வாங்குங்கள். அங்கேயே ஒரு 12 வோல்ட் பேட்டரியில் நிரந்தரக் கரண்டையும் சாவிக் கரண்டையும் பிளஸில் சேர்த்து, எர்த்தை மைனஸில் வைத்து, ஒரு ஸ்பீக்கரைக் கொண்டு சோதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். கேன் ரேடியோக்களும் பெரும்பாலும் ஆன் பட்டனை அழுத்தினால் இந்த இணைப்பில் எழுந்துவிடும். டிஸ்ப்ளேயின் எல்லாக் கோடுகளும் தெரிகின்றனவா, கோட் கேட்கிறதா, நான்கு சேனலிலும் சத்தம் வருகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். மாட்டிப் பார்க்கும்போது பெட்டியின் திருகுகளைத் தொடாதீர்கள், முத்திரை ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். திறந்த பெட்டியை எவரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.